கப்பல் உல்லாசத்தின் திணையிலக்கணம்

பாயிரம்

தலைவன் பிரிவதற்கும் தலைவி வாடுவதற்கும், ஆநிரை கவர்வதற்கும் அதை மீட்பதற்கும் தனித்தனியே துறை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பூவும் பொழுதும் பறையும் பறவையும் குறித்து வைத்த நம் இலக்கண ஆசிரியர்கள், கைப்பணத்தைக் கொடுத்துக் கப்பலேறி, நாலைந்து நாள் கடலிலே உண்டும் உறங்கியும் கழித்துவிட்டு, ஏறிய துறையிலேயே இறங்கி வீடு திரும்பும் ஒரு கூட்டம் பிற்காலத்தில் தமிழ்நாட்டிலே தோன்றும் என்பதை மாத்திரம் எதிர்பார்க்கவில்லை. அதனால் இக்கூட்டத்தார் இலக்கணமின்றித் தவிக்கிறார்கள். எந்த மாதத்தில் புறப்படுவது, கப்பலின் எந்தப் பாகத்தில் அறை பிடிப்பது, பெட்டியில் எதை வைப்பது, பந்தியில் எதை விடுப்பது என்ற சந்தேகங்களுக்குச் சூத்திரம் காட்டும் ஆசிரியர் இல்லாமையால், முன்னொருமுறை போய் வந்த சகலபாடியின் வாக்கையே வேதப் பிரமாணமாகக் கொண்டு அவர்கள் மோசம் போவதைக் கண்டு மனம் பொறாமல் இச்சிறு நூல் இயற்றப்படுகிறது.

உல்லாசக் கப்பல் ஒன்றுகூட எட்டிப்பாராத பூம்புகாரில் உட்கார்ந்துகொண்டு இந்நூலை இயற்றுவானேன் என்று ஆட்சேபிப்பவர்களுக்கு விடை உண்டு. குடகிலே பிறந்து, மேட்டூரிலே அடைபட்டு, கல்லணையிலே பாகப்பிரிவினை செய்துகொண்டு, வழியிலுள்ள வயல்களுக்கெல்லாம் வாரி வழங்கிவிட்டு வரும் காவிரி, இங்கே கடலைச் சேரும்போது வருஷத்தில் பல மாதங்கள் ஒரு பெரிய வாய்க்காலின் அகலத்துக்கே மெலிந்துவிடுகிறாள் என்பதும், துறையில் நிற்பவை மீன்பிடி படகுகளே என்பதும் மெய்தான். ஆயினும் கடல்வழியாக வந்த குதிரைகளையும், ஈழத்து உணவையும், தென்கடல் முத்தையும், கீழ்க்கடல் பவளத்தையும் பட்டினப்பாலை வரிசைப்படுத்திக் காட்டுவது இந்த ஊரின் தெருக்களில்தான். பக்கத்துக் கீழையூரிலே தொல்லியல் துறையார் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டதும், கிரேக்கப் பிரயாண நூலாகிய பெரிப்ளூஸ் குறிக்கும் ‘கமரா’ இதுவே என்று அறிஞர் பலர் கருதுவதும் யாவரும் அறிந்தவை. கண்ணகியின் தந்தையே கடல் வாணிகத்தால் பெயர் பெற்ற மாநாய்கன். கப்பல் சாஸ்திரம் பேசுவதற்கு இவ்வூருக்கு இல்லாத யோக்கியதை வேறு எந்த ஊருக்கு இருக்க முடியும்?

நூலுக்குப் பொருளாகிய இப்பிரயாணம் யாது என்று வரையறுப்பது ஆசிரியனுக்கு முதற்கடன். சங்கமத்துக்கு அருகே மணலிலே காலை நீட்டி, வலையின் ஓரத்தைப் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த கண்ணிகளை ஊசியால் முடிந்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதை விளக்க முற்பட்டபோது நிகழ்ந்த சம்வாதத்தை அப்படியே தருவது பொருந்தும்.

“அம்மாம் பெரிய கப்பலு, மீனுக்கா போவுது?” என்றார் அவர்.

“இல்லை பெரியவரே, மீன் பிடிக்காது.”

“சரக்கா?”

“சரக்கும் இல்லை.”

“அப்ப ஆளுவள அக்கரையில எறக்கி வுடும்.”

“இறக்கிவிட்டு, சாயங்காலமே திரும்ப ஏற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்.”

ஊசி நின்றது. “அப்படின்னா டீசலுக்கு யாரு சார் குடுக்கிறது?”

இத்தொழிலின் சரித்திரம் முழுவதும் அந்தக் கேள்வியிலே அடங்கிக் கிடக்கிறது. ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் கம்பெனியை நடத்திவந்த ஆல்பர்ட் பாலின் என்பவர், பனிக்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்க ஆள் குறைந்து, தம் கப்பல் அகஸ்டா விக்டோரியா வருமானமின்றி நிற்பதைக் கண்டு, அதைக் கட்டிப்போட்டு நஷ்டப்படுவதைக் காட்டிலும் ஊர்சுற்ற விடுவது மேல் என்று கருதி, 1891 ஜனவரியில் 241 பேரை ஏற்றி மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். நிலக்கரிக்குக் கொடுக்க ஆள் கிடைத்தார்கள். கப்பல் பிரயாணத்துக்குப் போய்ச்சேரும் ஊர் என்று ஒன்று வேண்டியதேயில்லை என்ற பேருண்மையும் அன்றே வெளியாயிற்று. 2024-ல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்ற கப்பல் 7,600 பிரயாணிகள் வரை ஏற்றுகிறதென்றால், நம் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றை வீட்டுக்கு வீடு பூட்டிக்கொண்டு கூட்டிப்போனாலும் அதில் இடம் மிஞ்சும். ஆகவே, தன் டீசலுக்குத் தானே பணம் கட்டி, எங்கும் போய்ச்சேராமல், இன்பமாய்த் திரும்புதல் கப்பல் உல்லாசம் எனப்படும் என்பது இந்நூலின் முதற் சூத்திரம்.

இனிப் பூர்வபட்சம். கடல்வழிச் செலவு பெண்டிரோடு நிகழும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் கூறியிருக்க, மனைவி மக்களோடும் மாமியாரோடும் கப்பலேறுவது வழுவாகாதோ எனின், ஆகாது. அவ்விதி தலைவன் பொருள் தேடப் பிரியும் பிரிவை நோக்கி எழுந்தது. நாகப்பட்டினத்திலிருந்து, 1926-ல் கட்டப்பெற்ற ராஜூலா கப்பலின் திறந்த தளத்திலே பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தஞ்சைச் சீமையார் பிரிந்தது அந்தப் பிரிவு. உல்லாசக் கப்பலில் போகிறவனோ பொருளைத் தேடிப் பிரிவதில்லை, பொருளைத்தான் பிரிகிறான். பொருளைப் பிரியும் வேளையில் மனைவி பக்கத்திலே இருப்பது பிற்காலத்து விசாரணைக்குச் சாட்சியாக உதவுமாதலின், விதி இங்கே செல்லாது என்பதே சித்தாந்தம்.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருளாம். இவற்றுள் பொழுதை முதலில் ஆராய்வோம். ஏனெனில் பொழுது தவறினால் நிலம் இருந்தும் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக் காற்றும் வடகிழக்குப் பருவமழையும் சோழமண்டலக் கரையை எப்படிப் புரட்டும் என்பதை இங்குள்ள எந்த மீனவரும் சொல்லுவார். சொல்லக் கேளாதவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பிரயாணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ஆம் தேதி வெகு விமரிசையாகத் தொடங்கி வைக்கப்பட்டு, மழைக்காலத்தை முன்னிட்டுச் சில நாள்களிலேயே நிறுத்தப்பெற்று, அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேதான் ‘சிவகங்கை’ என்ற வேறொரு கப்பலோடு மறுபடி புறப்பட்டது என்பதை இவ்விடத்தில் நினைவிற்கொள்க. வங்கக் கடலைச் சுற்ற விரும்புவோர் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களை விலக்கிவிட வேண்டும். அம்மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கும் என்போர், சிங்கப்பூருக்கு விமானத்திலே போய் அங்கிருந்து பினாங்குப் பக்கம் கப்பலேறலாம். சுமத்திரா தீவு ஒருபுறம் அரணாக நிற்பதால் மலாக்கா ஜலசந்தியில் அலைகள் பெரும்பாலும் அடக்கமாக இருக்கும்.

நாளை மறப்பதன் கேட்டுக்குப் பூம்புகாரே தக்க உதாரணம். ஆண்டுதோறும் 28 நாள் நடத்த வேண்டிய இந்திர விழாவை, மகனை இழந்த துயரத்திலே சோழ மன்னன் மறந்துவிட்டதால் கடல் ஊரைக் கொண்டதென்று மணிமேகலை கூறுகிறது. நெடுமுடிக்கிள்ளிக்காவது புத்திர சோகம் என்ற காரணம் இருந்தது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நவம்பர் மாதத்தில் சீட்டு வாங்கிவிட்டு, வாங்கிய பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவனுக்கு என்ன காரணம் சொல்லுவது?

நிலம் இருவகைப்படும்: கப்பல் புறப்படும் துறையும், கப்பலுக்குள்ளே நாம் படுக்கும் அறையும். துறையைப் பொறுத்தவரை, நம்மவர்க்குச் சென்னை அண்மையது. 2022 ஜூனில் அங்கிருந்து விசாகப்பட்டினத்துக்கும், 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கும் ‘எம்ப்ரஸ்’ என்ற கப்பல் உல்லாசப் பிரயாணம் புறப்பட்டது. டெல்டாக்காரருக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. கப்பல் மாலையில்தானே கிளம்புகிறது என்று எண்ணி, முதல்நாள் இரவு சீர்காழியிலோ மயிலாடுதுறையிலோ ரயிலேறி, விடியலில் சென்னையில் இறங்கி, உறவினர் வீட்டிலே குளித்து, இட்டிலி தின்று, ஒரு கல்யாணம் விசாரித்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போகலாம் என்று திட்டமிடுவார்கள். ரயில் தாமதித்தால் கோபிக்கலாம்; கப்பல் தாமதிக்காமைக்கு யாரைக் கோபிப்பது? சோதனை வாயிலைப் புறப்பாட்டுக்கு முன்னதாகவே அடைத்துவிடுவார்களாதலின், ஒருநாள் முன்னதாகவே துறைமுகப் பட்டினத்திலே போய்த் தங்குவதுதான் உத்தமம். கல்யாண விசாரணையைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.

அறையின் இலக்கணம் இன்னும் நுட்பமானது. ஏற்றம் இறைக்கும்போது துலாவின் இரு முனைகளும் வானுக்கும் கிணற்றுக்குமாக ஏறி இறங்க, நடுத்தூணின்மேல் அமர்ந்த பாகம் மட்டும் ஏறக்குறைய அசையாமல் இருப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த்தளங்களில் உள்ள அறை மிகக் குறைவாக ஆடும், முன்முனையும் மேல்தளமும் மிகுதியாக ஆடும். வேடிக்கை யாதெனில், மிகுதியாக ஆடும் மேல்தளத்து அறைக்குத்தான் பெரும்பாலும் விலை மிகுதி. மாடம் வைத்த அறை, ஜன்னல் வைத்த அறை, ஜன்னலே இல்லாத உள்ளறை என்று விலை இறங்கி வருவதில் கடைசிப்பட்டது, படுப்பதற்கு மட்டும் அறைக்கு வருபவர்க்குப் பழுதில்லை. ஆனால் நடன அரங்குக்கு நேர்கீழும், சமையற்கட்டுக்கு நேர்கீழும், நீச்சல் தொட்டிக்கு நேர்கீழும் உள்ள அறைகள் எவ்வளவு மலிவாயினும் கொள்ளத்தக்கவை அல்ல. சீட்டு வாங்குமுன் தளவரைபடத்தைப் பார்த்து, மேலும் கீழும் அறைகளே உள்ள அறையாகக் கேட்டு வாங்குவது விவேகம்.

கடவுச்சீட்டும் முதற்பொருளைச் சார்ந்ததே. அயல்நாடு தொடும் கப்பலாயின், திரும்பும் நாளுக்குப் பின்னும் அது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. வேற்று நாட்டுத் துறையிலிருந்து புறப்பட்டு, மற்றொரு நாட்டைத் தொட்டுவிட்டுப் புறப்பட்ட துறைக்கே திரும்புகிறவர்கள், அந்நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழைய விசா இடங்கொடுக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருப்பொருள்

தெய்வம், உணவு, பறை, யாழ், நீர், அங்காடி என்றாற் போல்வன கருப்பொருளாம்.

நெய்தல் நிலத்துக்குத் தெய்வம் வருணன் என்பர். உல்லாசக் கப்பலுக்குத் தெய்வம் கப்பித்தான். நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ அசரீரியாகப் பேசுவதும், ஒருநாள் மாலை வெள்ளுடையில் காட்சியளித்துப் பக்தர்களோடு படம் பிடித்துக்கொள்வதும் அவர் திருவிளையாடல்கள்.

பறை என்பது இங்கே அபாயச் சங்கு. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நெடிய ஒலியும் எழுந்தால், உயிர்காப்புச் சட்டை அணிந்து தமக்கென்று குறித்த இடத்திலே கூட வேண்டும். இந்த ஒத்திகையை வீண் தொந்தரவு என்று கருதி அறையிலேயே படுத்துக்கொள்ளும் புத்திசாலிகள் உண்டு. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் மாண்டபோது, அன்று மாலை ஏறியிருந்தவர்கள் பலருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன் பின்னரே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. இந்த ஓர் இடத்தில் மட்டும் நூலாசிரியன் பரிகாசத்தை ஒதுக்கிவைத்துச் சொல்லுகிறான்: பறை ஒலித்தால் போய் நில்லுங்கள்.

மூட்டை முடிச்சின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரமே வகுத்துவிட்டது. புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்திலே, உடையவர் பெயரும் எண்ணும் பொறித்த பொதிகள் காவலின்றிக் கிடந்தன. திருட வந்தவன் அப்பொதியைத் தலையிற் சுமந்து கழுத்து நோவத் திரிய வேண்டியதாயிற்று. பெட்டிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வழக்கம் நம்முடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? துறைமுகத்திலே பெரிய பெட்டிகளைச் சீட்டு ஒட்டி வாங்கிக்கொண்டு மாலைக்குள் அறைவாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் கடவுச்சீட்டையும் மாத்திரையையும் மாற்றுத் துணியையும் வைத்துவிட்டவர்கள், மாலைவரை வியர்த்த சட்டையோடு தளத்திலே உலாவி, கழுத்து நோவைத் தாமே அனுபவிப்பார்கள். அவை கைப்பையிலே இருக்க வேண்டும். இஸ்திரிப்பெட்டியும், மின்சார அடுப்பும், மின்சாரத்தைப் பல துளைகளாகப் பங்கிடும் நீட்டுப் பலகையும் தீப்பிடிக்கும் அச்சத்தால் பெரும்பாலான கப்பல்களில் பறிமுதலாகும். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் புலி முத்திரை பொறித்து விட்டதைப்போல இன்று ஊடுகதிர்ப் பெட்டிக்குள் விட்டெடுக்கிறார்கள்; மாவடு ஜாடி அதிலே நன்றாகத் தெரியும்.

உணவைப் பற்றித் தனி நூலே எழுதலாம். காலைமுதல் நள்ளிரவுவரை ஏதேனும் ஓர் இடத்தில் பந்தி நடந்துகொண்டேயிருக்கும் இத்தகைய ஸ்தலம் பூமியில் அரிது. முதல்நாள் மத்தியானம் அங்கே நுழையும் நம்மவர், தட்டைக் கையில் எடுத்தவுடனே கண்ணிற்பட்டதையெல்லாம் அள்ளிவைத்து, ரொட்டியின்மேல் பிரியாணியும் பிரியாணியின்மேல் தர்பூசணியும் சாய்ந்துகிடக்க, நடுவிலே குலாப்ஜாமூனின் பாகு எல்லாவற்றையும் சமரசம் செய்துவைக்கும் ஒரு கோபுரத்தை இரு கையாலும் தாங்கிக்கொண்டு இடம் தேடி அலைவார்கள். முதற் சுற்றில் தட்டே எடுக்காமல், பந்தி முழுவதையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றில் எடுப்பதே முறை. தயிர்சாதம் எந்த மூலையில் இருக்கிறது என்று அறிந்துவைத்துக்கொள்வது மனத்துக்குத் தைரியம். சைவ உணவு வேண்டுவோர் சீட்டு வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், சூப்பின் பிதுரார்ஜிதத்தைப் பற்றிப் பரிமாறுபவரிடம் தர்க்கிக்க நேராது.

நீருக்கு நீச்சல் தொட்டி. மூழ்கி எழுந்தால் கூனும் குறளும் நீங்கும் என்று காப்பியம் சொல்லும் இலஞ்சி மன்றம் இதற்கு முன்னோடி. இன்றைய தொட்டியில் நீங்குவது பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியும் மோதிரமுமே. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி அமைந்திருந்ததுபோல, கப்பலிலும் நடுத்தளத்திலே, உணவறைக்குப் போகிறவன் கடந்தே ஆக வேண்டிய வழியில், கடைகள் அமைந்திருக்கும். வரியில்லாத விலை என்ற அறிவிப்பைக் கண்டு மயங்காமல், ஊர் விலையை ஒரு சீட்டில் குறித்து எடுத்துப்போவது காப்பு.

கையிலுள்ள தொலைபேசியும் ஒரு கருப்பொருளே. கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையைத் தானாகவே பிடித்துக்கொண்டு, நாம் பேசாமலிருக்கும்போதே பணத்தைப் பேசவைக்கும். ஏறியவுடன் அதை விமானப் பிரயாண நிலையிலே வைத்துவிட வேண்டும்.

உரிப்பொருள்

இனி இந்நூலின் உயிர்நிலைக்கு வருகிறோம். உல்லாசக் கப்பலுக்கு உரிப்பொருள் இன்பம் என்று விளம்பரம் எழுதுவோர் ஒரு கட்சி. அது பொருந்தாது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். விளம்பரத்தாள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் திணையை மாற்ற முடியாது. கப்பலேறியவன் எங்கேனும் ஓரிடத்தில் இரங்கியே தீருவான்; எங்கே இரங்குவது, எப்போது இரங்குவது என்பதுதான் அவன் சுதந்திரம். கடலில் இரங்க வேண்டியதைக் கரையிலேயே இரங்கி முடித்தவன் கப்பலில் இன்புறுவான். கரையில் இரங்க மறந்தவன் கப்பலில் இரங்குவான். இதுவே எம் சித்தாந்தம். இதுகாறும் கூறியவையெல்லாம் இதற்கு அங்கங்கள்.

இரங்கல் நால்வகைப்படும்.

முதலாவது வயிற்றிரங்கல். கப்பல் ஆட ஆடத் தலை சுழன்று, உண்டது எதிர்த்து வரும் இந்நிலைக்கு மாத்திரை உண்டு. ஆயினும் குமட்டல் வந்தபின் விழுங்கிய மாத்திரை, மாத்திரையோடு திரும்பி வருமாதலின், மருத்துவரைக் கலந்துகொண்டு, புறப்படுமுன்பே விழுங்க வேண்டும். தூக்கம் வருவிக்கும் மாத்திரைகளும் அவற்றுள் உண்டு, அதையும் கேட்டறிக. இஞ்சியும் உலர்ந்த பிஸ்கட்டும் உதவும். புத்தகத்தையும் தொலைபேசியையும் கீழே வைத்துவிட்டு, திறந்த தளத்தில் நின்று அடிவானத்தை நோக்கியிருந்தால், கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட சாட்சி சொல்வது நின்று தலை தெளியும்.

இரண்டாவது பொருளிரங்கல். விளம்பரத்தில் கண்ட தொகை பீடிகை மாத்திரமே. துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்க்கான அன்பளிப்பு, கரைச் சுற்றுலா, விசேஷ உணவகம், இணையம் என்று அதற்கு அத்தியாயங்கள் உண்டு. கப்பலில் ரொக்கம் புழங்குவதில்லை. அறைச்சாவியாகிய அட்டையை நீட்டினால் போதும். நீட்டுகிற கைக்கு வலி தெரியாதபடி இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மனத்தத்துவ நிபுணர்களே. ஆகவே புறப்படுவதற்கு ஒருமாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடும்பத்தார் அனைவரும் கூடத்தில் உட்கார்ந்து, எல்லாச் செலவையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டி, அந்தத் தொகைக்காக முறைப்படி இரங்கித் தீர்த்துவிட வேண்டும். “இதுக்கு ரெண்டு பவுன் எடுத்திருக்கலாம்” என்று மனைவி சொல்ல வேண்டியதையும், “நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்” என்று தகப்பனார் சொல்ல வேண்டியதையும் அன்றைக்கே சொல்லிவிட்டால், கப்பலில் சொல்வதற்கு மிச்சம் இராது. ஏறியபின் நாள்தோறும் கணக்கைப் பார்த்துக்கொள்வது, கடைசிநாள் காலை வரவேற்பு மேஜையின் முன்னே நீளும் வழக்காடு மன்றத்திலிருந்து காப்பாற்றும்.

மூன்றாவது கரையிரங்கல். துறைதோறும் இறங்கி ஊர் பார்க்கிறவர்கள் குறித்த நேரத்துக்குள் திரும்பவேண்டும். கப்பலார் தாமே நடத்தும் சுற்றுலா தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தாமாக ஆட்டோ பிடித்துப் போனவர்களுக்காகக் காத்திராது. திருகோணமலையில் இறங்குவோர்க்குக் கடிகாரத்தில் குழப்பமில்லை, இலங்கையின் நேரமும் நம் நேரமும் ஒன்றே. சிங்கப்பூரிலோ இரண்டரை மணி நேர வித்தியாசம் உண்டு. கரைக்கடிகாரத்தை நம்பாமல் கப்பற் கடிகாரத்தையே கையில் கட்டுக.

நான்காவது வீணிரங்கல். முந்திய இரவே அறைக்கு வந்துசேரும் நிகழ்ச்சி நிரலிலே மாயாஜாலமும், சமையற் பாடமும், நடனப் பயிற்சியும் மணிக்கணக்காகக் குறித்திருப்பதைக் கண்டு, கொடுத்த பணத்துக்கு ஒன்றையும் விடக்கூடாது என்று தளத்துக்குத் தளம் ஓடி, இரவில் காலைப் பிடித்துக்கொண்டு இரங்குவது இது. நாளைக்கு ஒன்று போதும். மீதி நேரத்தில் தளத்து நாற்காலியில் சாய்ந்திருத்தல் சோம்பலன்று. எற்பாடு என்னும் நெய்தற் பொழுதிலே சூரியன் சாய்வதைப் பார்த்திருப்பது இலக்கண சம்மதமான தொழில்.

முன்னேற்பாடின்றிக் கப்பலேறியவனுக்கு மணிமேகலையிலே ஒரு சரித்திரம் உண்டு. புகார் நகரத்துச் சாதுவன், சூதிலும் கணிகையிடத்தும் பொருளைத் தொலைத்து, மீட்பதற்காக வணிகரோடு வங்கமேறினான். காற்றிலே கலம் உடைய, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு, மனிதரைத் தின்னும் நாகர்களின் மலைக்கரையில் ஒதுங்கினான். அவர்கள் மொழியை அறிந்திருந்தமையால் அவர்களோடு பேசினான்; உணவாக வேண்டியவன் விருந்தாளியானான். நாகர் தலைவன் மகிழ்ந்து மங்கையும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொன்னான். எல்லாம் அடங்கிய பேக்கேஜ் என்று இக்காலத்தார் விற்பது இதைவிடக் குறைவே. சாதுவன் அதை மறுத்து, தனக்கு வேண்டாததை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒரே காரணத்தால் கரையேறினான். அவன் இறந்தான் என்று தப்பிவந்தவர்கள் சொல்லக் கேட்டு, மனைவி ஆதிரை இங்கே தீப்புகுந்ததும், தீ அவளைச் சுடாததும், சந்திரதத்தன் என்ற வணிகனின் கலத்திலே கணவன் திரும்பி வந்ததும் பின்கதை.

இச்சரித்திரத்தால் பெறப்படும் விதிகள் வருமாறு: போகும் ஊரின் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்க. குடியாதவர்கள் பானப் பேக்கேஜ் வாங்கற்க. பிரயாண விவரத்தை, கப்பற்பெயரும் துறைகளும் தேதிகளும் உட்பட, வீட்டிலிருப்பவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகுக. கோவலனின் முன்னோன் ஒருவனைக் கடலிலிருந்து எடுத்த மணிமேகலா தெய்வம் இப்பக்கம் நடமாடக் காணோமாதலின், கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பிரயாணக் காப்பீடு செய்துகொள்க.

புறனடை

மேற்கூறிய இரங்கலைக் கூடத்திலே நன்றாகச் செய்து முடித்தபின், தொகையைக் கண்டு பிரயாணத்தையே கைவிடும் குடும்பங்களும் உண்டு. அவர்களைக் குறை கூறுதல் ஆகாது. இரங்கல் நிறைவேறியதால் நெய்தல் இலக்கணத்தில் அவர்கள் தேறியவர்களே. அவர்களுக்கும் ஒரு கப்பல் இருக்கிறது.

பூம்புகார் என்ற பெயர் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பல உத்தியோகங்களை வகித்துவிட்டது. 1964-ல் சினிமாவாயிற்று, அரசினர் கைவினை அங்காடிகளுக்கு முகப்புப் பலகையாயிற்று, 1974-ல் தோன்றிய பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் வாயிலாக அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி சுமந்தது. அக்கழகமே கன்னியாகுமரியில் ‘குகன்’, ‘பொதிகை’, ‘விவேகானந்தா’ என்ற படகுகளில் ஜனங்களை ஏற்றி விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. அந்தப் பிரயாணத்திலே அறை இல்லை, பந்தி இல்லை, கணக்கட்டை இல்லை. உயிர்காப்புச் சட்டையை எல்லோரும் மறுபேச்சின்றி அணிகிறார்கள். கடலில் கழிவது சில நிமிஷமே. ஏறிய துறையிலேயே இறங்குவதால் முதற் சூத்திரத்துக்கும் பழுதில்லை. விடுமுறைக் கூட்டத்திலே வெயிலில் வளைந்து வளைந்து நிற்கும் வரிசையில், குழந்தை அழ, பாட்டி முணுமுணுக்க, முன்னே நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு இரங்க வேண்டியவை அனைத்தும் கரையிலேயே தீர்ந்துபோய்விடுகின்றன. படகேறும்போது மிஞ்சுவது இன்பம் ஒன்றே. எம் சித்தாந்தத்தைக் கற்காமலே முழுதும் கைக்கொண்ட பிரயாணம் இவ்வுலகில் இது ஒன்றுதான்.

நூற்பயன் வேண்டுவோர் சனி, ஞாயிறு தவிர்த்து, காலை முதற் படகுக்கே செல்க.